காற்றை நசுக்கிக் காசு பார்த்த கதை

இந்த வாரம் கொஞ்சம் குப்பையைக் கிளறப் போறேன். நிஜமாவே குப்பைதான், பிளாஸ்டிக் குப்பை.

பிளாஸ்டிக் அரைக்கிற மெஷின் ஒண்ணு வாங்கிப் போட்டா காசு பார்க்கலாமா? நம்ம ஊர்ல இப்போ நிறைய பேர் கேட்கிற கேள்வி இது. யூடியூபைத் திறந்தால் 'குப்பையில் கோடிகள்' என்று ஆளாளுக்கு ஆசை காட்டுகிறார்கள். மெஷின் விலை, கரண்டு செலவு, மாத லாபம் என்று அட்டவணை வேறு. அந்த அட்டவணையைப் பார்ப்பதை விட வரலாற்றைப் பார்ப்பது நல்லது என்பது என் கட்சி. ஏன்னா இந்த மெஷின் புதுசு இல்லை. பல தேசத்துல பல வருஷமா ஓட்டியிருக்காங்க. சிலர் நல்லா சம்பாதிச்சாங்க. சிலர் ஊரையே நாசம் பண்ணிட்டு கதவைச் சாத்திட்டாங்க. மெஷின் ஒண்ணுதான், முடிவு ஏன் வேற வேற? நான் ஜெர்மனியில் படிப்பதால் கதையின் பெரும்பகுதி இங்கேதான் நடக்கும். இடையில் இங்கிலாந்து, சீனா போய் மதுரைக்கு வந்து சேருவோம்.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு.

ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில் காலியாக ஏறக்குறைய 30 கிராம் இருக்கும். ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள ஒரு பெட்டியில் இடைவெளியே இல்லாமல் அடுக்கினால் கூட 666 பாட்டில்தான் கொள்ளும். எடை 20 கிலோ. மீதி எல்லாம் காற்று! அதே பாட்டிலை விரல்நகம் அளவுக்குச் சில்லு சில்லாக அரைத்துக் கொட்டினால் அதே பெட்டியில் சுமார் 300 கிலோ பிடிக்கும். 40 அடி கண்டெய்னர் ஒன்றில் முழு பாட்டிலாக ஏற்றினால் ஒன்றேகால் டன் சொச்சம், சில்லாக ஏற்றினால் 20 டன். லாரி வாடகை ரெண்டுக்கும் ஒண்ணுதான். அரைக்கிற மெஷின் தரும் முதல் லாபம் இதுதான். காற்றுக்கு வாடகை கொடுப்பதை நிறுத்துகிறது. இது உண்மையான லாபம், சந்தேகமே இல்லை. ஆனா இதோட கணக்கு முடிஞ்சிடுதா என்றால், அங்கேதான் வரலாறு குறுக்கே வருது.

அரைத்து விற்கும் தொழிலின் தாத்தா பிளாஸ்டிக்கில் இல்லை, துணியில் இருக்கிறார். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பேட்லி என்று ஒரு ஊர். 1813இல் பெஞ்சமின் லா என்பவர் அங்கே பழைய கம்பளித் துணிகளைக் கிழித்துப் பஞ்சாக்கி, புதுக் கம்பளியோடு கலந்து மறுபடி நூற்கலாம் என்று காட்டினார். அந்தச் சரக்குக்குப் பெயர் 'ஷாடி'. பேட்லியும் பக்கத்து ஊர் டூஸ்பரியும் இதை வைத்தே வளர்ந்தன. துணியைக் கிழிக்கும் பல் வைத்த உருளை மெஷினுக்கு அங்கே 'பேய்' என்றே பட்டப்பெயர். ஆனால் பணம் பேயிடம் இல்லை. பேய்க்கு முன்னால் உட்கார்ந்து மூட்டை மூட்டையாக வந்த கந்தலை நிறம் வாரியாக, தரம் வாரியாகப் பிரித்த பெண்களிடம் இருந்தது. நிறம் பிரித்து அரைத்தால் புதுசாகச் சாயம் போடும் செலவு மிச்சம். கலந்து அரைத்தால் அழுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சு. இன்றைக்கு இதே தொழில் ஹரியானாவின் பானிபட்டில் பெரிசா நடக்குது, அங்கேயும் நிறம் பிரிக்கிற வேலைதான் முதல் வேலை. இந்தப் பாடத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்பத் திரும்ப வரும்.

இனி பிளாஸ்டிக். 1907இல் வந்த பேக்லைட்டை ஒருமுறை வார்த்துவிட்டால் மறுபடி உருக்க முடியாது. அரைத்தாலும் பொடிதான் மிச்சம். பிறகு வந்த பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் வகையறாக்கள் அப்படி இல்லை, சூடு காட்டினால் மறுபடி உருகும். அதனால் அரைக்கும் மெஷின் முதலில் குப்பைக் கிடங்குக்குப் போகவில்லை, வார்ப்புத் தொழிற்சாலைக்கு உள்ளேயே வந்தது. குடமோ சீப்போ வார்க்கும்போது ஓரத்தில் குச்சி குச்சியாகக் கழிவு வரும். அதைப் பக்கத்திலேயே ஒரு சின்ன கிரைண்டரில் போட்டு அரைத்து, புதுக் குருணையோடு கலந்து திருப்பிப் போடுவார்கள். இன்றைக்கும் எந்த மோல்டிங் பட்டறையிலும் இதைப் பார்க்கலாம். இதில் நஷ்டம் வர வாய்ப்பே கம்மி. ஏன்? கழிவு சுத்தம், ஒரே ரகம், ஒரே நிறம், போக்குவரத்து இல்லை, வாங்குகிறவர் அதே முதலாளி! வீதிக்கு வந்த பிறகுதான் சிக்கல் எல்லாம்.

வீதிக்குக் கொண்டு வந்தது பாட்டில். டூபான்ட் கம்பெனியின் நத்தானியல் வயத் 1973இல் பெட் பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். கண்ணாடி மாதிரி தெளிவு, கீழே போட்டா உடையாது, சோடாவின் அழுத்தத்தையும் தாங்கும். பத்தே வருஷத்தில் குப்பைத் தொட்டிகளை நிரப்பியது. நல்ல வேளையாக, அரைப்பவனுக்குப் பெட் ஒரு வசதியும் செய்து கொடுத்தது. பெட் தண்ணீரில் மூழ்கும், மூடி செய்யும் பிளாஸ்டிக் மிதக்கும். சில்லுகளைத் தொட்டித் தண்ணீரில் கொட்டினால் ரெண்டும் தானாகப் பிரிந்துவிடும். ஆனால் பி.வி.சி.யும் மூழ்குகிற ஜாதி. பெட்டோடு பி.வி.சி. சேர்ந்துவிட்டால் தொட்டியால் பிரிக்க முடியாது. உருக்கும்போது அமிலம் கக்கி மொத்தச் சரக்கையும் மஞ்சளாக்கிவிடும். பத்தாயிரம் கிலோவில் ஒரு கிலோ கலந்தாலே பிரச்சனை. ஒரு பாட்டில் முழுசாக இருக்கும்போது அது என்ன ரகம் என்று அனுபவஸ்தர் கண்ணால் சொல்லிவிடுவார். அரைத்த பிறகு எல்லாம் ஒரே சில்லு, பொய் சொல்வது சுலபம். அதனால்தான் பெரிய ஆலைகள் பலவும் யாரோ அரைத்த சில்லை விட, அழுத்திக் கட்டிய பாட்டில் பேல்களையே விரும்பி வாங்குகின்றன. அவசரப்பட்டு அரைத்தால் மதிப்பு குறையவும் செய்யும் என்பது இதன் அர்த்தம்.

இப்போ ஜெர்மனிக்கு வருவோம். ஒரே நாடு, ஒரே காலகட்டம், ஒரே தொழில்நுட்பம், ரெண்டு விதி. நம் கேள்விக்கு இதை விட நல்ல சோதனைச்சாலை கிடைக்காது.

1991இல் ஜெர்மனி பேக்கேஜிங் சட்டம் கொண்டு வந்தது. பொருளை விற்பவரே அதன் உறை, டப்பாவுக்கும் பொறுப்பு. கம்பெனிகள் சேர்ந்து 'பச்சைப் புள்ளி' என்ற அமைப்பைத் தொடங்கி, வீட்டு வாசலில் மஞ்சள் பையில் சேகரிக்க ஆரம்பித்தார்கள். மக்கள் ஜெர்மானியர்களாச்சே, கட்டுப்பாடாகப் பிரித்துப் போட்டார்கள். எதிர்பார்த்ததை விட அதிகமாகக் குவிந்தது. தயிர் டப்பா, ஷாம்பூ பாட்டில், பல அடுக்கு பிஸ்கட் உறை எல்லாம் ஒரே பையில். இதை அரைத்து என்ன செய்ய? வாங்க ஆள் இல்லை. 1993இல் அந்த அமைப்பு திவாலாகும் நிலைக்குப் போய், முட்டுக் கொடுத்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. 90களின் நடுவில் பிரேமன் இரும்பு ஆலையில் கலப்புப் பிளாஸ்டிக்கைச் சிறு உருண்டைகளாக்கி ஊது உலைக்குள் செலுத்தினார்கள். அதாவது அரைத்தவர் சரக்கை விற்கவில்லை, பணமும் கொடுத்து அனுப்பினார். அரைக்கும் மெஷின் அங்கே லாபம் தரும் சாதனம் இல்லை, செலவைக் குறைக்கும் சாதனம். அந்தச் செலவைக் கடைசியில் சுமந்தது பொருள் வாங்கிய ஜனம்.

பிறகு 2003 ஜனவரி 1. யூர்கன் டிரிட்டின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தபோது ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட் வைப்புத்தொகை வந்தது. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால்தான் காசு திரும்ப வரும். ஆரம்பத்தில் பெரிய குளறுபடி. தள்ளுபடிக் கடைகள் தங்கள் பாட்டிலுக்குத் தனி வடிவம் வைத்துக்கொண்டு அதை மட்டுமே திருப்பி வாங்கின. 'தீவுத் தீர்வு' என்று அதற்குப் பெயர். 2006 மே 1 முதல்தான் எந்தக் கடை பாட்டிலானாலும், அதே வகைப் பாட்டில் விற்கும் கடைகள் வாங்கியாக வேண்டும் என்றானது.

இங்கே ஒரு கணக்கு பாருங்க. ஒரு கிலோ பெட் என்றால் சுமார் 33 பாட்டில். வைப்புத்தொகை 8 யூரோவுக்கு மேல்! அதே ஒரு கிலோ பாட்டில், வெறும் சரக்காக விற்றால் ஒரு யூரோவைத் தொடுவதே அபூர்வம். ஆக, பாட்டிலைக் கடைக்குக் கொண்டு வந்து சேர்ப்பது பிளாஸ்டிக்கின் விலை இல்லை, சட்டத்தின் விலை. நூற்றுக்கு 98 பாட்டில் திரும்பி வருகிறது என்கிறார்கள். அதுவும் எப்படி? பெட் தனியாக, டின் தனியாக, ஓரளவு சுத்தமாக. பேட்லியில் பெண்கள் செய்த பிரிக்கும் வேலையை இங்கே வாடிக்கையாளர் சம்பளமில்லாமல் வரிசையில் நின்று செய்கிறார்.

நானும் பகுதி நேரமாக ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இந்த மெஷினுக்குப் பின்னால் வேலை பார்த்திருக்கேன் (புளிச்ச பியர் வாசனை, மறக்க முடியாது!). முன்னால் பாட்டில் போட்டவுடன் மெஷின் பார்கோடு படிக்கும், ரகசிய மை வைத்து அச்சடித்த சின்னத்தைச் சரிபார்க்கும், பின்னால் உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கும். நசுக்குவது இடத்தை மிச்சம் பிடிக்க மட்டும்தான் என்று முதலில் தோன்றும். அதை விட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. நசுங்காத பாட்டில் 25 சென்ட் நாணயம் மாதிரி. நசுங்கினால்தான் அது மறுபடி செல்லாது. பஸ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கிற மாதிரி.

கிழிக்காவிட்டால் என்ன ஆகும்? கொலோன் நகரத்தில் ஒரு பானக் கடைக்காரர் மெஷினுக்குள் கைவேலை காட்டி, ஒரே பாட்டில் நசுங்காமல் திரும்பத் திரும்பச் சுற்றி வரும்படி செய்தார். 1,77,451 தடவை. கிடைத்தது 44,362 யூரோ. 2016இல் பத்து மாதச் சிறைத் தண்டனை வந்தது. ஒரு பாட்டிலை வைத்து இவ்வளவு! நசுக்கும் உருளையின் மதிப்பு என்ன என்று இதை விடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது :-)

இதில் யாருக்கு வியாபார லாபம்? கடைச் சங்கிலிகளுக்கு. சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரியிலேயே நசுங்கிய பாட்டில் கிடங்குக்குப் போகிறது. அங்கே பேல் கட்டி விற்கலாம். லிடில் கடைகளை நடத்தும் ஷ்வார்ட்ஸ் குழுமம் ஒரு படி மேலே போய், பானம் நிரப்பும் ஆலை, பாட்டிலை அரைத்து மறுபடி குருணையாக்கும் ஆலை எல்லாவற்றையும் தன் கையிலேயே வைத்திருக்கிறது. திரும்பி வராத பாட்டிலின் 25 சென்ட்டும் அதை முதலில் சந்தைக்கு விட்டவரிடமே தங்கும். அதன் மேல் 2019இல் ஐரோப்பிய ஒன்றியம், 2025 முதல் பெட் பான பாட்டில்களில் 25 சதவீதம் மறுசுழற்சிச் சரக்கு இருக்க வேண்டும் என்று விதி போட்டது. விளைவு, 2022இல் உணவுத் தரமுள்ள மறுசுழற்சிப் பெட், புதுப் பெட்டை விட விலை அதிகம்!

வேடிக்கை என்னவென்றால், வைப்புத்தொகைச் சட்டத்தின் நோக்கமே வேறு. கழுவி மறுபடி நிரப்பும் பாட்டில்களைக் காப்பாற்றத்தான் அதைக் கொண்டு வந்தார்கள். நடந்தது தலைகீழ். கழுவி நிரப்பும் பாட்டிலை முழுசாக, பெட்டியோடு திருப்பி அனுப்பணும், இடம் அடைக்கும். இதுவோ நசுக்கித் தூக்கிப் போட்டால் போதும். தள்ளுபடிக் கடைகள் ஒருமுறை பாட்டில் பக்கமே சாய்ந்தன, மறுநிரப்பலின் பங்கு மேலும் சரிந்தது. அதோடு, ராத்திரி நேரத்தில் ரயில் நிலையக் குப்பைத் தொட்டியில் டார்ச் அடித்து பாட்டில் தேடும் வயதான ஓய்வூதியக்காரர்கள். அந்த 98 சதவீதத்துக்குள் அவர்களின் முதுகு வலியும் இருக்கு.

சரி, 25 சென்ட் மாதிரி ஒரு விதி இல்லாத இடத்தில் பிரிக்கும் செலவை யார் கொடுத்தார்கள்? அதுக்கு சீனா போகணும். ஏற்றுமதி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய கப்பல்களில் மேற்கு நாடுகளின் பிளாஸ்டிக் கழிவு மலிவு வாடகையில் அங்கே போனது. ஜெர்மன் பாட்டில் பேல்களும் போயின. 2016இல் மட்டும் சீனா இறக்குமதி செய்தது 73 லட்சம் டன். பெய்ஜிங்குக்குத் தெற்கே ஹெபெய் மாகாணத்தில் வென்ஆன் என்ற மாவட்டம். வீட்டுக்கு வீடு அரைக்கும் மெஷின். கலப்புக் குப்பையைக் கையால் பிரித்தார்கள். சந்தேகம் வந்தால் லைட்டரால் கொளுத்தி, புகையை முகர்ந்து ரகம் கண்டுபிடித்தார்கள். காஸ்டிக் சோடாவில் கழுவிய தண்ணீர் நிலத்துக்குள் போனது. ஜெர்மனியில் காசு கொடுத்தாலும் வாங்க ஆளில்லாத சரக்கு இங்கே லாபம் கொடுத்தது. மெஷின் உசத்தி என்பதால் இல்லை. மீதிச் செலவை நுரையீரலும் கிணறும் கொடுத்தன என்பதால்.

அப்படிப்பட்ட லாபம் ஒரே கையெழுத்தில் போகும். 2011இல் உள்ளூர் கட்சிச் செயலாளர் உத்தரவில் வென்ஆன் பட்டறைகள் மூடப்பட்டன. 2017 ஜூலையில் சீன அரசு கழிவு இறக்குமதித் தடையை உலக வர்த்தக அமைப்புக்குத் தெரிவித்தது. 2018 தொடங்கும்போது கதவு மூடியாச்சு. அதே சரக்கு மலேசியாவுக்குத் திரும்பியது. சிலாங்கூரின் ஜென்ஜாரோம் பக்கம் உரிமமில்லாத ஆலைகள் முளைத்தன. ராத்திரியில் பிளாஸ்டிக் எரியும் நாற்றம் தாங்காமல் ஜனங்கள் போராட, 2018இலேயே பல ஆலைகளுக்குச் சீல் வைத்தார்கள். இன்னொரு பக்கம் விலை ஆபத்து. 2008 இலையுதிர் காலத்தில் கச்சா எண்ணெய் விலை விழுந்து, சீன வாங்குபவர்கள் கையை விரித்தபோது உலகம் முழுக்க ஸ்கிராப் விலை படுத்தது. புதுப் பிளாஸ்டிக் மலிவானால் பழையதை யார் சீண்டுவா?

இனி மதுரை. கலப்புப் பிளாஸ்டிக்குக்கு நேர்மையாக ஒரு வாங்குபவரை உண்டாக்க முடியுமா என்ற கேள்விக்கு நம்ம ஊரிலிருந்து ஒரு பதில் வந்தது. தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ரா. வாசுதேவன், கேரி பேக், உறை வகையறாவைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, சுமார் 160 டிகிரியில் சூடாக்கிய ஜல்லி மேல் தூவினார். பிளாஸ்டிக் இளகி ஜல்லியில் மேல்பூச்சாக ஒட்டியது. அதன் மேல் தார். தண்ணீர் உள்ளே இறங்குவது குறைந்தது, தாரும் மிச்சம். 2002இல் சென்னை நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவில் இப்படிச் சாலை போட்டார்கள். ஒருவழிச் சாலை ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் பிளாஸ்டிக் போகும். 2015இல் மத்திய அரசு பெரிய நகரங்களைச் சுற்றியுள்ள சாலைகளில் இதைக் கட்டாயமாக்கியது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ. தமிழ்நாட்டு உள்ளாட்சிகள் நறுக்கும் மெஷின் வாங்கிப் போட்டு, மகளிர் சுயஉதவிக் குழுக்களை அமர்த்தியது இந்தச் சாலையை நம்பித்தான். இங்கேயும் பி.வி.சி. கூடாது, சூட்டில் விஷ வாயு வரும். அதாவது இங்கேயும் பிரித்தாகணும். சாலை தேயும்போது நுண்பிளாஸ்டிக் வருமே என்ற கவலையும் ஆய்வாளர்களிடம் இருக்கு. ஆனால் வியாபாரமாகப் பார்த்தால், சாலை டெண்டர் வந்தால் மெஷின் ஓடும், வராவிட்டால் மூட்டை அடுக்கியே கிடக்கும்.

இதையெல்லாம் நான் தேடிப் படிச்சதுக்கு ஒரு காரணம் உண்டு. விருதுநகர் பக்கம் காயலான் கடை வச்சிருக்கிற சித்தப்பா, வீட்டை அடமானம் வச்சு கிரைண்டர் வாங்கலாமான்னு போன்ல கேட்டார். "மெஷின்காரன் மூணு வருஷத்துல போட்ட காசு வந்திரும்ங்கிறான், நீ அங்கன படிக்கிறியே, கேட்டுச் சொல்லுப்பா" என்றார்.

"மெஷினை விடுங்க சித்தப்பா, உங்களுக்குச் சரக்கு எப்படி வருது? பிரிச்சு வருதா, கலந்து வருதா?" என்று கேட்டேன்.

"எல்லாம் கலந்துதான் வரும். உங்க சித்தியும் ரெண்டு பொம்பளைகளும் உக்காந்து பிரிக்காக."

"அப்ப உங்க மெஷின் ஏற்கெனவே வீட்டுலதான் இருக்கு" என்றேன். சிரித்தார்.

பிறகு அவரிடம் சொன்னதையே இங்கேயும் வைக்கிறேன். ஒண்ணு, அரைத்த சில்லை எழுத்தில் விலை பேசி வாங்க ஒரு ஆலை இருக்கா, அவங்க என்ன சுத்தம் கேட்கிறாங்க? ரெண்டு, மாசம் எத்தனை டன் ஒரே ரகச் சரக்கு நிச்சயமா வரும்? மூணு, மண்ணோடு வரும் பாட்டில் கத்தியை மழுக்கிடும், தீட்டுகிற செலவு, கழுவுகிற தண்ணி, அந்த அழுக்குத் தண்ணி போகிற இடம் எல்லாம் கணக்கில் இருக்கா? நாலு, அரசு விதி மாறினால்? 2019 ஜனவரி 1இல் தமிழ்நாடு 14 வகைப் பிளாஸ்டிக்கைத் தடை செய்தது. கேரி பேக்கை நம்பி மெஷின் போட்டவர் கதி என்ன? மறுபக்கம், 2022இல் மத்திய அரசு கெட்டி வகை பேக்கேஜிங்கில் மறுசுழற்சிச் சரக்கு இவ்வளவு சேர்க்கணும் என்று விதி வகுத்தது, அது பெட், குடம், கேன் அரைப்பவருக்குச் சாதகம். இந்த நாலுக்கும் பதில் இருந்தா வாங்கலாம். முதல் ரெண்டுக்கு இல்லைன்னா அழுத்திக் கட்டுற பேல் பிரஸ் போதும். காற்று வெளியே போகும், ரகம் கண்ணுக்குத் தெரியும், வீடும் அடமானம் போகாது.

200 வருஷக் கதையிலிருந்து எனக்குத் தெரிவது இவ்வளவுதான். அரைக்கும் மெஷின் காற்றை எடுக்கும், அழுக்கை எடுக்காது. அழுக்கை எடுக்க ஒருத்தர் கூலி கொடுத்தே ஆகணும். ஜெர்மனியில் 25 சென்ட் கொடுத்தது, பிரேமனில் நுகர்வோர் கொடுத்தார், வென்ஆனில் உடம்பு கொடுத்தது. நம்ம ஊரில் அந்த வேலையைச் செய்வது தெருவில் சாக்கு தூக்கிப் போகிறவரும் காயலான் கடையில் உட்கார்ந்து பிரிக்கிற பெண்களும்தான். மெஷின் வாங்க வங்கி கடன் தரும், மானியமும் வரலாம். பிரிக்கிற கைக்குக் கூலி ஏற்றித் தர எந்தத் திட்ட அறிக்கையிலும் ஒரு வரி காணோம். லாபம் அந்தக் கையில்தான் ஆரம்பிக்குது என்பதை பேட்லி முதலாளிகள் அன்றைக்கே தெரிஞ்சு வச்சிருந்தாங்க.